நிழலிலிருந்து உருவம் கண்டவர்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



“நீங்கள் வைத்தியர், ஆகவே சுகாதாரம் பற்றி ஏதாவது பேசுங்கள்” என்று சங்கத்தினர் கேட்டுக்கொண்டார்கள். நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நிறையவே பேசலாம். சிற்றுண்டி மேசையில் இருக்கும் இனிப்புகளைப் பார்த்தபோது அதைத்தான் பேசியிருக்க வேண்டும் என்று தோன்றவும் செய்தது. ஆனால், நூறு ஆண்டு நிறைந்த ஒரு பாடசாலையில், பிள்ளைகள் என்ன படிக்க வேண்டும் என்பதையும் பேசத்தான் வேண்டும். எனவே இன்று வைத்தியர் அல்லாத ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறோம். அவர் ஊசி போட்டவரல்லர், நாடி பார்த்தவரல்லர். ஆயினும் தலையில் அடிபட்டு வருகிறவர்களை நாங்கள் காப்பாற்றும் ஒவ்வொரு தடவையும் அவருடைய கணக்கும் எங்களோடு நின்றிருக்கிறது. அவர் பெயர் ஜி. என். இராமச்சந்திரன். உயிர்ப் பௌதிகவியல் என்ற துறையைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்தவர்.

முதலில் ஓர் இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2006ஆம் ஆண்டளவில் நாங்கள் சிலர், படிப்பை முடித்த சூட்டோடு, மலையகத்தின் சிறிய வைத்தியசாலை ஒன்றில் கடமையில் இருந்தோம். ஒரு மாலை, மழைக்காலம். கொழுந்து மூட்டையோடு இறங்கி வந்த ஓர் அம்மா கானில் வழுக்கி விழுந்து, கல்லில் தலை அடிபட்டு வந்தார். எங்களோடு நன்றாகப் பேசினார். “ஒன்றுமில்லை டாக்டரம்மா, நாளைக்குப் பெரட்டுக்குப் போகவேணும், இல்லாவிட்டால் பேர் போய்விடும்” என்றார். எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தோம். மண்டையோட்டில் மெல்லிய வெடிப்பு ஒன்று தெரிந்தது. அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது அந்தப் படத்தில் தெரியவில்லை. தெரியவும் முடியாது.

இரண்டு மணித்தியாலத்தின் பின் அவருக்கு உறக்கம் வந்தது. அது உறக்கமன்று என்பதை நாங்கள் உணர்ந்தபோது ஒரு கண்ணின் பாவை விரிந்திருந்தது. மண்டையோட்டுக்கும் மூளையின் உறைக்கும் இடையே இரத்தம் கட்டிக்கொண்டிருந்தது. சீ.டி. ஸ்கேன் உள்ள பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைவுக்கு வளைவு இறங்க வேண்டிய பாதை. பாதி வழியிலேயே அவர் போய்விட்டார்.

அன்று எங்களுக்கு இல்லாதிருந்தது மருந்தன்று. உள்ளே பார்க்கும் கண்ணும், அதற்குப் போய்ச்சேரும் நேரமும்தான்.

தங்கைமாரே, எக்ஸ்-கதிர்ப் படம் என்பது ஒரு நிழல். விளக்கின் முன் கையை நீட்டிச் சுவரில் மான் காட்டுகிறோமே, அதே வகைதான். எலும்பு கதிரை அதிகம் மறிக்கும், தசை குறைவாக மறிக்கும். ஆனால், முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்துவிடும். தலையை அப்படிப் படமெடுத்தால் கனத்த எலும்பின் நிழல் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். மூளையும் இரத்தக் கட்டியும் கதிரை மறிப்பதில் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. அது அந்த நிழலில் தொலைந்து போகும்.

அப்படியானால் ஸ்கேன் இயந்திரம் எப்படி உள்ளே பார்க்கிறது? எங்கள் தோட்டத்து மொழியிலேயே சொல்கிறோம்.

ஒரு தேயிலை மலையை நினைத்துக்கொள்ளுங்கள். செடிகள் நிரை நிரையாக நிற்கின்றன. ஒவ்வொரு செடியிலும் எவ்வளவு கொழுந்து இருக்கிறது என்று அறிய வேண்டும். ஆனால், தனிச் செடியை நிறுக்க முடியாது. ஒரு முழு நிரையில் எடுத்த கொழுந்தை மட்டும் மொத்தமாகத் தராசில் போட்டுக் கணக்குப்பிள்ளை எழுதிக்கொள்கிறார். மேலிருந்து கீழாக உள்ள நிரைகளின் மொத்தம் கிடைக்கிறது. பிறகு, குறுக்கு நிரைகளின் மொத்தம். பிறகு, சாய்வாக ஒரு கோணத்தில், இன்னொரு கோணத்தில் என்று எல்லாத் திசைகளிலும் மொத்தம் மட்டும் கிடைக்கிறது. இந்த மொத்தங்களை வைத்துக்கொண்டே ஒவ்வொரு செடியின் கணக்கையும் சொல்ல முடியுமா?

முடியும். போதிய திசைகளில் மொத்தம் இருந்தால் முடியும் என்பதை ஒஸ்திரியக் கணிதவியலாளர் யொஹான் ராடோன் 1917இலேயே நிறுவிவிட்டார். ஸ்கேன் இயந்திரத்தில் ஒவ்வொரு கதிரும் ஒரு நிரை. அது தலைக்குள் புகுந்து மறுபுறம் வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது அந்த நிரையின் மொத்தம். இயந்திரம் தலையைச் சுற்றிவந்து எல்லாத் திசைகளிலும் மொத்தம் எடுக்கிறது. மிச்சமெல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கில்தான் சிக்கல். மிக எளிய வழி, ஒவ்வொரு நிரையின் மொத்தத்தையும் அந்த நிரையிலுள்ள செடிகளுக்குச் சமமாகப் பங்கிட்டு, எல்லாத் திசைகளின் பங்குகளையும் கூட்டுவது. செய்து பாருங்கள். மலை முழுவதும் கவ்வாத்து வெட்டிய செடிகள், நடுவில் ஒரு செடியில் மட்டும் கொழுந்து என்று வையுங்கள். அந்தச் செடி வழியே போகும் ஒவ்வொரு நிரையிலும், ஒன்றுமே இல்லாத செடிகளுக்கும் பங்கு போய்விடும். கூட்டி முடித்தால் நடுச்செடி தெரியும். ஆனால், அதைச் சுற்றிப் பனிமூட்டம் போல ஒரு கலங்கல் நிற்கும். தேயிலை மலையில் அது வெறும் கணக்குப் பிழை. தலைக்குள் அதுவே நிகழ்ந்தால் இரத்தக் கட்டியின் எல்லை எங்கே என்று தெரியாது. சத்திர சிகிச்சை நிபுணர் எங்கே துளையிடுவார்?

கலங்கல் இல்லாத வழி ஒன்றும் இருந்தது. பூரியர் உருமாற்றம் என்னும் கணித முறை. 1968இல் டேவிட் டீரோசியரும் ஆரன் க்ளூக்கும் அதைக் கொண்டு எலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களிலிருந்து வைரசு ஒன்றின் பகுதியை முப்பரிமாணத்தில் உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால், அதற்கு இரட்டைக் கூட்டல் வேண்டும். அந்நாளைய கணினிகளுக்கு அது பெரும் சுமை.

இந்த இடத்தில்தான் இராமச்சந்திரன் வருகிறார்.

அவர் 1922 ஒக்டோபர் 8ஆம் திகதி எர்ணாகுளத்தில் பிறந்தவர். தந்தையார் கணிதப் பேராசிரியர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகவியல் படித்து, 1942இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின் பொறியியலுக்குச் சேர்ந்தார். அங்கே சேர். சி. வி. இராமன் அவரைத் தம் பௌதிகவியல் துறைக்கு எடுத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிஜ் சென்று கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1952இல், முப்பது வயதும் நிறையாத அவரைச் சென்னைப் பல்கலைக்கழகம் பௌதிகவியல் பேராசிரியராக அமர்த்தியது. அப்போது துணைவேந்தராக இருந்தவர் ஏ. இலட்சுமணசாமி முதலியார். அவர் ஒரு மகப்பேற்று வைத்தியர் என்பதை எங்கள் தொழிலின் பெருமைக்காகச் சொல்லிவைக்கிறோம்.

கிண்டியில் இருந்த அந்தத் துறையிலிருந்துதான் 1954இல் கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்ற கண்டுபிடிப்பு வந்தது. எங்கள் தோலையும் தசைநாண்களையும் எலும்பையும் தாங்கி நிற்பது கொலாஜன். அந்த ஆய்வில் அவரோடு நின்றவர் கோபிநாத் கர்த்தா. 1963இல் சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரத இழை எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எவற்றில் முடியாது என்பதைக் காட்டும் வரைபடத்தைத் தந்தார். இன்று உயிரிரசாயனவியல் பாடநூல்களில் இடம்பெறும் “இராமச்சந்திரன் வரைபடம்” அதுதான். மருத்துவ பீடத்தில் அதை நாங்களும் கண்டோம். பரீட்சைக்காகப் பார்த்துவிட்டுப் புரட்டிய பக்கம் அது.

ஆனால், எங்களை மிகவும் தொட்டது அவர் 1971இல் செய்த வேலை. அந்த ஆண்டு இந்திய விஞ்ஞான அகாதமியின் ஆய்விதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். நிழலிலிருந்து பொருளை மீட்டெடுத்தல் என்பது அதன் தலைப்பின் பொருள். அதே ஆண்டு செப்டெம்பரில், ஏ. வி. லக்ஷ்மிநாராயணனுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை அமெரிக்கத் தேசிய விஞ்ஞான அகாதமியின் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் சொன்னது இதுதான்: பங்கிடுவதற்கு முன்பே நிரைகளின் மொத்தங்களைத் திருத்திவிடுங்கள்.

எப்படித் திருத்துவது? ஒரு நிரையின் மொத்தத்தை முழுதாக 1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து, இருபுறமும் அடுத்துள்ள நிரைகளின் மொத்தத்தில் ஏறத்தாழ 0.4 பங்கைக் கழியுங்கள். இரண்டாவது நிரைகளை விட்டுவிடுங்கள். மூன்றாவது நிரைகளில் ஏறத்தாழ 0.045 பங்கைக் கழியுங்கள். நான்காவதை விடுங்கள். ஐந்தாவதில் இன்னும் சிறு பங்கு. இப்படியே ஒற்றை எண் நிரைகளில் மட்டும், தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைத்துக்கொண்டே போங்கள். கழிக்கும் பங்குகள் எல்லாவற்றையும் கூட்டினால் சரியாக 1 வரும். இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இதைச் செய்து பாருங்கள். 1, 1/9, 1/25, 1/49 என்று போகும் தொடர் அது. விடையில் பை வந்து நிற்கும்.

இப்போது கவ்வாத்து மலைக்குத் திரும்புவோம். கொழுந்துள்ள செடியின் நிரைக்கு அடுத்த நிரைகளில் மொத்தம் பூச்சியம். திருத்திய பின் அங்கே கழித்தல் குறி விழும். அதையும் அந்த நிரைச் செடிகளுக்குப் பங்கிடும்போது, ஒரு திசையில் வெறுஞ்செடிக்குத் தவறாகக் கூடியதை, மற்றத் திசைகளிலிருந்து வரும் கழித்தல் அடித்துவிடும். பனி விலகும். நடுச்செடி மட்டும் நிற்கும்.

இதில் ஒரு தடவைக்கு ஒரு நிரையோடு மட்டும் கூட்டிக் கழித்தால் போதும். இரட்டைக் கூட்டல் தேவையில்லை. ஆகவே, பூரியர் முறையைவிட இது ஏறத்தாழ 30 மடங்கு வேகமானது என்றும், கூடுதல் துல்லியமானது என்றும் கணினியில் சோதித்து அவர்கள் காட்டினார்கள். படம் நுணுக்கமாக வேண்டுமென்றால் வேகத்தின் இலாபம் இன்னும் கூடும் என்றும் எழுதினார்கள்.

வானொலி வானியலில் ரொனால்ட் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவரும் இதே போன்ற வழியை 1967இலேயே கண்டிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். விண்மீனை ஆராய்ந்தவர்களும் புரதத்தை ஆராய்ந்தவரும் தனித்தனிப் பாதையில் நடந்து ஒரே ஊற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். ஆயினும் ஸ்கேன் உலகில் அந்தத் திருத்தத்துக்கு இன்றும் வழங்கும் பெயர் “ராம்-லாக் வடிகட்டி”. ராம் என்பது இராமச்சந்திரன். லாக் என்பது லக்ஷ்மிநாராயணன்.

அந்தக் கட்டுரை வெளிவந்த அடுத்த மாதம், 1971 ஒக்டோபர் 1ஆம் திகதி, இலண்டன் அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில் ஒரு நோயாளியின் தலை முதன்முதலாக சீ.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. இயந்திரத்தை ஆக்கியவர் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் பொறியியலாளர் கொட்ஃபிரி ஹவுன்ஸ்ஃபீல்ட். ஆய்வுகூடத்தில் அவர் அமைத்த முதல் மாதிரிக்குத் தரவு சேர்க்க மட்டும் ஒன்பது நாள் எடுத்தது. கணக்குப் போடக் கணினிக்கு மேலும் இரண்டரை மணித்தியாலம். அவர் கையாண்ட கணக்கு வேறு வகை. மீண்டும் மீண்டும் திருத்தி விடையை நெருங்கும் முறை. பின்வந்த இயந்திரங்கள் வேகத்தை நாடியபோது வடிகட்டிப் பங்கிடும் முறையைத்தான் எடுத்துக்கொண்டன. பல பத்தாண்டுகள் உலகின் ஸ்கேன் இயந்திரங்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் படம் வரைந்தன. இன்றைய கணினிகள் வேறு முறைகளையும் தாங்குகின்றன. என்றாலும் அதன் அடிப்படை இன்றும் பாடமாக இருக்கிறது.

1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், தென்னாபிரிக்காவில் பிறந்த அலன் கோர்மக்கிற்கும் கிடைத்தது. கோர்மக் பௌதிகவியலாளர். 1963இலும் 1964இலும் அவர் எழுதிய கட்டுரைகளை அப்போது ஏறத்தாழ எவரும் கவனிக்கவில்லை. கவனியுங்கள் தங்கைமாரே, மருத்துவத்துக்கான பரிசைப் பெற்ற இருவரும் வைத்தியர்கள் அல்லர். இராமச்சந்திரனுக்கு அந்தப் பரிசு கிடைக்கவில்லை. 1977இல் இலண்டன் ரோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1999இல் படிகவியலின் உயர்ந்த விருதான இவால்ட் பரிசைப் பெற்றார். கடைசி ஆண்டுகளில் பார்க்கின்சன் நோய் அவரை வருத்தியது. 2001 ஏப்ரல் 7ஆம் திகதி சென்னையில் காலமானார். பெங்களூரில் அவர் நிறுவிய மூலக்கூற்று உயிர்ப் பௌதிகவியல் துறை இன்றும் இயங்குகிறது. அங்கே அவரிடம் ஆய்வு செய்து கலாநிதியான மஞ்சு பன்சால் பின்னர் அதே துறையில் பேராசிரியை ஆனார். இது பெண்பிள்ளைகளின் பாடசாலை, ஆகவே அதையும் சொல்லிவைக்கிறோம்.

இனி இரண்டாவது இரவு.

சில ஆண்டுகளின் பின் நாங்கள் ஸ்கேன் வசதியுள்ள ஒரு வைத்தியசாலையில் கடமையில் இருந்தோம். லயத்துக் கூரைத் தகடு திருத்தப் போய் விழுந்த ஓர் இளைஞரைக் கொண்டுவந்தார்கள். அவரும் நன்றாகப் பேசினார். “ஒன்றுமில்லை” என்றார். அந்தச் சொல்லை நாங்கள் ஏற்கெனவே கேட்டிருந்தோம். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினோம். சில நிமிடங்களில் திரையில் படம் வந்தது. மண்டையோட்டின் உட்புறம், இருபுறமும் குவிந்த வில்லை போல, எல்லை தெளிந்த வெள்ளைக் கட்டி. இந்தப் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் பத்துப் பேருக்கு ஒன்றென்று வைத்துப் பார்த்தோமே, அதே குவிவில்லையின் வடிவம். அந்த எல்லையை வரைந்தது ஒரு கழித்தல் கணக்கு. சத்திர சிகிச்சை நிபுணர் சரியான இடத்தில் திறந்தார். இளைஞர் பத்தாம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்.

அன்றிரவு எங்களுக்கு மகிழ்ச்சியோடு கூடவே அந்த அம்மாவின் நினைவும் வந்தது. ஆகவே, வைத்தியர்களாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தலையில் அடிபட்டவர் பேசுகிறார் என்பதற்காக அவரைத் தனியே தூங்கவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, மயக்கமான உறக்கம், வலிப்பு, ஒரு பக்கக் கைகால் சோர்வு, காதிலோ மூக்கிலோ தண்ணீர் போல் வடிதல், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டுவாருங்கள். அதேவேளை, சாதாரணத் தலையிடிக்கெல்லாம் ஸ்கேன் எடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அதுவும் கதிர்தான். தேவைக்குத்தான் அதை எடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இது எங்களுக்குச் சொல்லக் கடினமானது.

எங்கள் வகுப்பில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி ஒருத்தி இருந்தாள். கணித டீச்சர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்கும் முன்பே விடையைச் சொல்லிவிடுவாள். சாதாரண தரத்தில் கணிதத்தில் அவளுக்கு வந்த பெறுபேறு எங்கள் ஒருவருக்கும் வரவில்லை. ஆனால், உயர்தரத்தில் கணிதப் பிரிவு படிக்க அப்போது இங்கே வசதியில்லை. கண்டிக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வீட்டில் பணமில்லை. நாங்கள் சிலர் எப்படியோ உயிரியல் பிரிவுக்குப் போனோம், வைத்தியரானோம், இன்று மேடையில் நிற்கிறோம். அவள் பதினேழு வயதில் கொழும்புக்கு வேலைக்குப் போனாள். இப்போது ஹட்டன் பசாரில் ஒரு கடையின் கணக்குகளைப் பார்க்கிறாள். இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். அவளிடம் கேட்டு, அவள் சம்மதித்த பிறகே சொல்கிறோம்.

அவள் இராமச்சந்திரன் ஆகியிருப்பாள் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாமலே போய்விட்டது என்பதுதான் எங்கள் கவலை.

மலையகத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளையைப் பார்த்தால் “டாக்டராகு” என்கிறோம். அதில் தவறில்லை. வைத்தியர்கள் இன்னும் வேண்டும். ஆனால், “கணக்கு வருகிறதா, அதைக் கடைசிவரை படி. அதுவும் உயிர் காக்கும்” என்று சொல்ல மறந்துவிடுகிறோம். பத்து வைத்தியர்கள் ஓர் ஆயுட்காலத்தில் பார்க்கும் நோயாளிகளைவிட அதிகமானோருக்கு அந்த ஒற்றைத் திருத்தம் உதவியிருக்கும்.

எனவே, பழைய மாணவிகள் சங்கத்திடம் எங்கள் விண்ணப்பம் இது. நூற்றாண்டு நினைவாக வளைவு கட்டுவோம், மணிக்கூண்டு கட்டுவோம் என்று யோசனைகள் வந்திருக்கின்றன. நல்லவைதான். அவற்றுக்கு முன், உயர்தர இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இங்கேயே கற்பிக்க ஆசிரியர் இருவரைத் தேடுவோம். நியமனம் வரும்வரை அவர்களின் கொடுப்பனவைச் சங்கம் ஏற்கட்டும். எங்கள் வகுப்பினர் முதலாண்டுச் செலவின் ஒரு பகுதியைத் தருவதாகப் பேசி முடிவெடுத்துவிட்டோம். அந்தக் கணக்கை எழுதும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று நாங்கள் யோசிக்கவே தேவையிருக்கவில்லை. கணித டீச்சரைவிட வேகமாக விடை சொன்னவள் ஒப்புக்கொண்டிருக்கிறாள்.